தொகையில் வராத முந்நூறு பேர்

நாகவல்லி எண்ணிய பெட்டியை யாரும் திரும்ப எண்ணிப் பார்ப்பதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை செய்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் இது எழுதாத சட்டம். ஒரு பெட்டிக்கு நாற்பத்தெட்டு டீ-ஷர்ட். நான் எண்ணினால் சூப்பர்வைசர் பெட்டியைப் பிரித்து இன்னொரு தடவை எண்ணுவான். நாகவல்லி எண்ணினால் நேராக டேப் ஒட்டிவிடுவான். பதினொரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜையில் நிற்கிறோம். அவளுக்கு ஒரு பீஸ் குறைந்ததும் இல்லை, கூடியதும் இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன்.

நான் தாட்சாயிணி. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில் முதல் வீடு என்னுடையது, மூன்றாவது வீடு அவளுடையது. காலையில் ஒரே ரயிலில் ஏறி, பட்டரவாக்கத்தில் சேர்ந்தே இறங்குவோம். நான் பேசிக்கொண்டே வருவேன். அவள் கேட்டுக்கொண்டு வருவாள், அல்லது கேட்பது மாதிரி இருப்பாள். சந்தோஷமா, கோபமா, முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கம்பெனியில் அவளுக்குக் 'கல்லு' என்று பட்டப்பெயர். தீபாவளிக்கு முந்தின நாளும் அதே முகம், டேப் மெஷினில் மாட்டி நகம் பிய்ந்த அன்றும் அதே முகம்.

அவள் புருஷன் மதுரைவீரன் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அந்த ரூட்டில் ஓட்டுகிற எல்லோரையும் போல அவனும் கட்டைவிரலை ஹாரனிலிருந்து எடுக்கமாட்டான். பருத்திப்பட்டு தாண்டி, லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு வளைவு வரும். அவசியம் அடிக்க வேண்டிய அந்த இடத்தில் மட்டும் அடிக்கமாட்டான். ஒருமுறை எதிரே வந்த தண்ணி லாரி எங்களை உரசாத குறையாகப் போனது. "ஊரெல்லாம் காது கிழிய அடிக்கிற, இங்க அடிக்க இன்னாடா கேடு உனக்கு?" என்று கத்தினேன். ஒன்றும் சொல்லாமல் ஓட்டினான். புருஷனும் பெண்டாட்டியும் நல்ல ஜோடி என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நாகவல்லி சிரித்தால் என் வீட்டுக்குக் கேட்கும்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசிக் கடைசியில், அவளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. தலைச்சன். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பட்டையில் 'பேபி ஆஃப் நாகவல்லி' என்று இருந்தது. எங்கள் பக்கம் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத்தான் பேர் வைப்போம். அதுவரை குட்டி, கருவாயன் என்று வாயில் வந்ததைச் சொல்லிக் கூப்பிடுவதுதான். நாகவல்லி ஒரு பேர் யோசித்து வைத்திருந்தாள். முன்னாலேயே வெளியே சொல்லக் கூடாது என்று மாமியார் கண்டித்துவிட்டதால் வீரனிடம்கூட அதைச் சொல்லவில்லை. இருபத்தாறாம் நாள் காலையில் பால் கொடுக்க எடுத்தபோது குழந்தை சில்லென்று இருந்தது. என்ன காரணம் என்று டாக்டர்களும் தெளிவாகச் சொல்லவில்லை.

தலைச்சன் பிள்ளையைப் புதைத்தால் மாந்திரீகம் செய்கிறவர்கள் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு பயம். அதனால் புதைத்த இடத்தை யாருக்கும் சொல்லமாட்டார்கள். பெற்றவளுக்குச் சொன்னால் அங்கே போய் உட்கார்ந்து காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று அவளுக்கும் சொல்லமாட்டார்கள். வீரனும் அவன் அப்பா துலுக்கானமும் குழந்தையை ஒரு துண்டில் சுற்றி, ஆட்டோவில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மத்தியானம் திரும்பி வந்து குளித்தார்கள். எங்கே என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. முப்பது கழியாத பிள்ளையை எங்கள் வீடுகளில் கணக்கில் சேர்ப்பதில்லை. எத்தனை பிள்ளை என்று யாராவது கேட்டால் அதை விட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். சேர்த்துச் சொன்னால் அடுத்து வரும் பிள்ளையையும் அது இழுத்துக்கொண்டு போகும் என்பார்கள்.

மூன்று மாதம் கழித்து, மாசியில், மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வயசானவர். பெரிய படிவத்தைத் தொடைமேல் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் அவர்கள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நாகவல்லி என் பக்கத்தில் இருந்தாள். பால் வற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது.

"உயிரோட பொறந்த குழந்தைங்க எத்தனைம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் பொறக்கல சார். இப்பதான் கண்ணாலம் ஆச்சி" என்றாள் மாமியார்.

நாகவல்லி வாயைத் திறந்தாள். நான் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "சும்மா இரு. முப்பது கழியாதத கணக்குல சேக்காத" என்று காதில் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயசு, இரண்டு பிள்ளை பெற்றவள், எல்லாம் தெரிந்த நினைப்பு. அந்த மனுஷர் படிவத்தில் ஒரு சைஃபர் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

பிறகு மதிவதனி பிறந்தாள், நாலு வருஷம் கழித்து நிஷா. இரண்டு பேருக்கும் முப்பதாம் நாள் வரை நாகவல்லி எதையும் சொல்லிக் கூப்பிடவில்லை. குட்டி என்றுகூடச் சொல்லவில்லை. நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலை வாரினாள், சோறு ஊட்டினாள், பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடினாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். கொஞ்சி நான் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஹார்டுவேர்ஸ் கடை மாடியில், தகரக் கூரை போட்ட ஒரு ஹால். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் மாங்காட்டு அம்மனுக்குப் போகிறவள். எனக்குச் சுருக்கென்றது.

"அங்க உனக்கு இன்னாடி கெடைக்குது?" என்று கேட்டேன்.

"சேர் போட்டுக்கிறாங்க க்கா. ஒக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல" என்றாள்.

அவ்வளவுதான் அவளுடைய பக்தி. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. வீட்டு அலமாரியில் அம்மன் படம் அப்படியே இருக்கிறது, ஆடியில் கூழ் ஊற்றுவதும் நிற்கவில்லை. அந்த ஜெபவீட்டு பாஸ்டருக்குப் பேர் பரந்தாமன். கேட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், "அப்பா வெச்ச பேரு சிஸ்டர், மாத்த மனசு வரல" என்றார். வம்பு இழுக்கிறவளுக்கு இப்படிப் பதில் சொன்னால் என்ன செய்வது?

அந்தச் சபையில் ஒரு வழக்கம். வருஷப் பிறப்பு கழிந்து முதல் ஞாயிறன்று விடியற்காலையில் பைபிளை முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசிக்கத் தொடங்கி, ஆள் மாற்றி ஆள் வாசித்து, ஒரு வாரத்தில் கடைசிப் பக்கத்தை முடிப்பார்கள். யாருக்கு எந்தப் பகுதி என்பது சீட்டுப் போட்டு முடிவாகும். எவர்சில்வர் டப்பாவைக் குலுக்கி ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். சங்கீதம் என்கிற பாட்டுப் பகுதி வந்தவர்கள் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எண்ணாகமம் வந்தால் முகம் தொங்கிவிடும். வெறும் பேர், வெறும் எண், நாக்கில் நுழையாத பரம்பரைகள். போன வருஷம் ஓர் அம்மா பாதிப் பேரைத் தாண்டிவிட்டு "இன்னும் பல பேர்" என்று வாசித்தாராம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆமென் சொன்னார்களாம்.

இந்த வருஷம் நாகவல்லிக்குச் சங்கீதம் வந்தது. எண்ணாகமம் முதல் நாலு அதிகாரம் கிருஷ்ணப்பிரியா என்கிற காலேஜ் பெண்ணுக்கு வந்தது. அவள் அழுகிற மாதிரி வந்து நிற்க, நாகவல்லி சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். "எதுவா இருந்தா இன்னா க்கா, படிக்கத்தானே போறோம்" என்றாள் என்னிடம்.

வாசிப்பதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ரயிலில் பழகிப்பார்க்க ஆரம்பித்தாள். முதல் நாளே பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். பைபிளில் பென்சில் வைத்துக் கூட்டல் போடுகிறவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பன்னிரண்டு கோத்திரம், ஒவ்வொன்றிலும் யுத்தத்துக்குப் போகக்கூடிய இருபது வயசுக்கு மேற்பட்ட ஆண்கள் இத்தனை பேர் என்று வரிசையாக இருந்தது. ஆவடி வருவதற்குள் கூட்டி முடித்துவிட்டாள்.

"ஆறு லட்சத்து மூவாயிரத்து ஐந்நூத்தி அம்பது. டாலி ஆவுது க்கா" என்றாள். குரலில் துளி உயிர் இருந்தது.

"யாரோ நம்ம மாதிரி பேக்கிங்ல இருந்தவன்தான் எண்ணிக்கீறான்" என்றேன்.

"தலைய மட்டும் எண்ணல. பேர் பேரா எண்ணச் சொல்லிக்கீது. எதுக்கு க்கா? எண்ணிக்கைக்கு தலையே போதுமே."

"எனக்கு இன்னா தெரியும், அம்மனுக்கு பொங்க வெக்கறவ நான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் மூன்றாம் அதிகாரத்துக்கு வந்திருந்தாள். அன்னனூர் தாண்டியதும் புத்தகத்தை மூடினாள். நான் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினேன்.

"லேவின்னு ஒரு கோத்திரம் க்கா. கோயில் வேலைக்காரங்க. அவங்கள மட்டும் கொயந்தைலேர்ந்தே எண்றாங்க" என்றாள்.

"நல்லதுதானே?"

"ஒரு மாசம் ஆனதுலேர்ந்து."

எனக்குப் புரிந்தது. ரயில் திருமுல்லைவாயிலில் நின்று கிளம்பியது.

"அங்கியும் முப்பது நாள்தான் க்கா" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. பெட்டியில் ஒரு பீஸ் குறைகிறது என்று சூப்பர்வைசரிடம் சொல்கிற குரல். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள், ஜெபவீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். எனக்கே அந்தப் புத்தகத்தின் மேல் ஆத்திரமாக இருந்தது.

இரண்டு நாள் பென்சில் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. ஒரு துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டினாள். மூன்று எண்கள். ஏழாயிரத்து ஐந்நூறு, எட்டாயிரத்து அறுநூறு, ஆறாயிரத்து இருநூறு.

"கூட்டு க்கா."

போனில் கூட்டினேன். இருபத்திரண்டாயிரத்து முந்நூறு.

"இப்ப இத பாரு" என்று புத்தகத்தில் விரல் வைத்தாள். அந்த மூன்றும் லேவியரின் மூன்று குடும்பங்கள். கீழே மொத்தத் தொகை இருபத்திரண்டாயிரம் என்று இருந்தது.

"முந்நூறு குறையுதே" என்றேன்.

"நாலு தபா கூட்டிட்டேன்."

"அச்சுல தப்பு வுட்டுருப்பான்."

"கிருஷ்ணப்பிரியாகிட்ட இங்கிலீஷ்ல கேட்டேன். அதுலயும் இதே மாரிதான் கீதாம்." புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "நம்ம ஊட்ல... இல்ல, நம்ம செக்‌ஷன்ல இப்டி வந்தா இன்னா பண்ணுவோம்? ஒண்ணு பெட்டிய திருத்துவோம், இல்லாட்டி தொகைய திருத்துவோம். இவங்க ரெண்டத்தையும் திருத்தாம வுட்டுக்கிறாங்க க்கா."

பாஸ்டர் என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று அந்த ஞாயிறு நானும் அவளோடு ஜெபவீட்டுக்குப் போனேன். பாஸ்டர் பரந்தாமன் எண்களைப் பார்த்தார், போனை எடுத்துக் கூட்டினார், இன்னொரு தடவை கூட்டினார். காது சிவந்துவிட்டது.

"இருபத்திரெண்டு வருஷமா ஊழியம் பண்றேன் சிஸ்டர். ஒரு தடவகூட நான் கூட்டிப் பாக்கல" என்றார். வேலப்பன்சாவடிப் பக்கம் தனக்கு வேதம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துவிட்டது.

வாசிப்பு நாள் வந்தது. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு நாகவல்லியின் முறை. எல்லோரும் உபவாசம். தகரக் கூரை அனலாகக் கொதிக்க, பாதிப் பேர் நாற்காலியிலேயே தூங்கி வழிந்தார்கள். நான் மட்டும் கீழே கடையில் ஒரு டீயும் பன்னும் முடித்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் வாசித்தாள். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை, பேக்கிங் லிஸ்ட் வாசிப்பது மாதிரியேதான். எலிசூர், செலூமியேல், நகசோன் என்று ஒரு பேரைக்கூடத் தாண்டவில்லை. இன்னாரின் குமாரன் இன்னார், இன்னாரின் குமாரன் இன்னார் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அந்தப் பேர்களில் ஒன்றுகூட நினைவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பெண் பெற்ற பிள்ளையின் பேர் என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

மூன்றாம் அதிகாரத்தில் மூன்று குடும்பத்தின் எண்களையும் வாசித்தாள். இருபத்திரண்டாயிரம் என்று வாசித்து நிறுத்தினாள். தூங்கினவர்கள் கண் விழித்துவிட்டார்கள். வரி தவறிவிட்டதோ என்று கிருஷ்ணப்பிரியா எழுந்து பக்கத்தில் போனாள். அவளைக் கையமர்த்திவிட்டு நாகவல்லி அடுத்த வரிக்குப் போனாள்.

முடித்து வெளியே வந்தபோது பாஸ்டர் படிக்கட்டில் காத்திருந்தார்.

"வாத்தியார்கிட்ட கேட்டேன் சிஸ்டர். நிச்சயமா யாருக்கும் தெரியாதாம். எழுதினவங்க கைல எங்கயோ விட்டுப்போயிருக்கும்னு சிலர் சொல்றாங்களாம். பழைய யூத பண்டிதருங்க வேற மாதிரி சொல்றாங்க. மத்த கோத்திரத்து தலைச்சன் பிள்ளைங்களுக்கு ஈடா ஆண்டவர் லேவியர எடுத்துக்கறதுக்காக வந்த எண்ணிக்கை அது. இந்த முந்நூறு பேரும் லேவியருக்குள்ளயே தலைச்சன் பிள்ளைங்களாம். ஏற்கெனவே ஆண்டவருக்குச் சொந்தமானவங்க. அவங்கள இன்னொருத்தருக்கு ஈடா வெக்க முடியாது. அதனால தொகைல சேக்கலயாம்."

தலைச்சன் என்ற வார்த்தையை அவர் சொன்னபோது நான் நாகவல்லியின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு அவள் கதை தெரியாது.

"தொகைலதான் சேக்கல. எண்ணிக்கிறாங்க இல்ல?" என்று கேட்டாள்.

"எண்ணியிருக்காங்கம்மா" என்றார்.

ரயில்வே லைனைத் தாண்டும்போது, ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று நான் ஆரம்பித்தேன். "பாத்தியா, உன் பையனும் அந்த முந்நூறு பேரு மாரிதான்..."

"இல்ல க்கா. அவன் அதுலயும் வரமாட்டான். இருபத்தாறு நாள்தானே" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே சொன்னாள். "ஆனா கூட்டிப் பாத்தா தெரியற மாரி வுட்டு வெச்சிக்கிறாரு. என்னிக்காவது யாராவது கூட்டிப் பாப்பாங்கன்னு."

அவள் ஆண்டவரைப் பற்றிப் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். மறுநாள் வழக்கம் போல நாற்பத்தெட்டு நாற்பத்தெட்டாக எண்ணினாள்.

சீட்டில் வந்த நாலு அதிகாரத்தோடு நிற்காமல் ரயிலில் தொடர்ந்து வாசித்தாள். இருபத்தாறாம் அதிகாரத்தில் இன்னொரு தடவை எண்ணுகிறார்களாம், பல வருஷம் கழித்து. "மொதோ தபா எண்ணுனவங்கள்ல ரெண்டே பேர தவிர யாரும் இல்ல க்கா" என்றாள். எங்கள் லைனிலும் அதே நிலைதான். அவள் மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், துலுக்கானம் போய் மூன்று வருஷம். அந்த சைஃபர் போட்ட அன்று இருந்தவர்களில் நானும் அவளும் வீரனும்தான் மிச்சம். இரண்டாவது எண்ணிக்கை எங்களுக்கும் வந்தது, மாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

இந்தத் தடவை சின்ன வயசு டீச்சர் ஒருத்தி. படிவம் இல்லை, போன்தான். என் வீட்டையும் அடுத்த வீட்டையும் முடித்துவிட்டு நகர்ந்ததும் நானும் பின்னாலேயே போய் நாகவல்லி பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும், நாகவல்லிக்கும் தெரியும். முந்தின நாள் ரயிலில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் வீட்டுக் கேள்விகளிலேயே என் பிள்ளைகளின் வயசை மாற்றிச் சொல்லியிருந்தேன். எனக்கே இப்படியென்றால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

வீரன் படியில் உட்கார்ந்து ஆட்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்கள் இரண்டும் உள்ளே இருந்தன. டீச்சர் பேர், வயசு, படிப்பு, வேலை எல்லாம் கேட்டு முடித்து, போனைப் பார்த்தபடியே அந்தக் கேள்விக்கு வந்தாள்.

"உயிரோட பொறந்த குழந்தைங்க மொத்தம் எத்தனைம்மா?"

"ரெண்டு பொண்ணு மேடம்" என்றான் வீரன், தலை நிமிராமல்.

டீச்சரின் விரல் கீழே இறங்கியது.

"மூணு" என்றாள் நாகவல்லி.

"இல்லம்மா, இது பொறந்தது. இப்ப இருக்கறவங்க அடுத்த கேள்வி."

"பொறந்ததுதான். மூணு."

டீச்சர் குழம்பிப்போய் வீரனைப் பார்த்தாள். "சார், ரெண்டா மூணா?"

என் வலது கை அவள் மணிக்கட்டை நோக்கித் தானாக எழுந்தது. அதை இடது கையால் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து நிஷா எட்டிப் பார்த்தாள். வீரன் கண்ணாடியையும் துணியையும் கீழே வைத்தான்.

"மூணுதான் மேடம். மூத்தவன் பையன்" என்றான். யாரும் கேட்காமலே இன்னும் ஒன்று சொன்னான். "இருபத்தாறு நாளு."

நாகவல்லி திரும்பி அவனைப் பார்த்தாள். அந்த நாட்களை எண்ணி வைத்திருந்தது தான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவளின் பார்வை அது. டீச்சர் மெதுவாக எண்ணை அழுத்தினாள். இப்போது இருப்பது என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். இரண்டு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

டீச்சர் நாலாவது வீட்டுக்குப் போன பிறகுதான் நாகவல்லி கேட்டாள்.

"எங்க வெச்ச?"

"பருத்திப்பட்டு வளைவுல. எடமேடைக்குப் பின்னால. அப்ப அது வெறும் ஏரிக்கரை" என்றான். பிறகு, "தெனம் அந்த வழியாத்தான் ஓட்றேன்" என்றான்.

அந்த வளைவில் அவன் ஏன் ஹாரன் அடிப்பதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணி லாரி எதிரே வந்த அன்று நான் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

அன்று மத்தியானமே கிளம்பினார்கள். பெண்களை ஏற்றிக்கொண்டு, என்னையும் "வாக்கா" என்று நாகவல்லி கூப்பிட்டாள். பின் சீட்டில் உட்கார்ந்தேன். எங்கே போகிறோம் என்று நிஷா கேட்டதற்கு, "அண்ணன பாக்க" என்றான் வீரன். மதிவதனி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆவடி தாண்டும் வரை அவன் எல்லா இடத்திலும் ஹாரன் அடித்தான்.

வளைவு வந்ததும் வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நத்தை வேகத்தில் உருட்டினான். எடைமேடைக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர், அதன்மேல் காயப்போட்ட தார்ப்பாய், வேறு ஒன்றும் இல்லை. நாகவல்லி அழவில்லை. அதே முகம்தான். ஜெபவீட்டில் வாசித்த அதே குரலில், "மதுரைவீரனின் குமாரன்" என்று சொல்லி, பதினாறு வருஷம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த பேரைச் சொன்னாள். எனக்கும் கேட்டது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவர்கள் பிள்ளையின் பேர்.

பின்னால் வந்த லாரிக்காரன் பொறுமையில்லாமல் ஹாரனை அழுத்தினான். வீரன் கையை வெளியே நீட்டி, அடிக்காதே என்று சைகை காட்டினான்.